மான் பல் சொன்ன கதை!

குட்டீஸ்! உங்களுக்கு முதல் பால் பல் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? பாட்டி அதை வாங்கி, சாணியில் வைத்து உருட்டி, "கூரை மேல எறிடா கண்ணு, அப்பத்தான் நல்ல பல் முளைக்கும்" என்று சொல்லியிருப்பார். நீங்களும் குறி பார்த்து வீசியிருப்பீர்கள். கூரை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு வீசியிருப்பார்கள்.

அப்படி வீசி எறிந்தது வெறும் பல் அல்ல. ஒரு குட்டி டைரி! நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது அம்மா என்ன சாப்பிட்டார், பிறந்த பிறகு எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தீர்கள், அந்த ஊர் எப்படிப்பட்ட பாறை மேல் இருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கும். பேனா இல்லை, மை இல்லை. அணுக்களால் எழுதிய டைரி அது.

மனிதப் பல் மட்டுமா? மாட்டுப் பல், ஆட்டுப் பல், மான் பல் எல்லாமே இப்படித்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன மானின் பல்லைக் கூட விஞ்ஞானிகள் படித்துவிடுகின்றனர். "இந்த மான் காட்டில் திரிந்ததா, யாராவது வேலி போட்டு வளர்த்தார்களா?" என்ற கேள்விக்கும் பல்லே பதில் சொல்கிறது.

எப்படி? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். முதலில், நம் ஊர்ப் பக்கம் ஒரு நடை போய் வருவோம்.

மூன்றே மூன்று பல்!

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி கவரைப்பேட்டை வரும். ஒரு பக்கம் நெல் வயல். இன்னொரு பக்கம் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். இங்கிருந்து தென்மேற்கே போனால், பூண்டி ஏரிப் பக்கம் அதிரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். இதுவும் திருவள்ளூர் மாவட்டம் தான். கொசஸ்தலை ஆறு அருகே ஓடுகிறது.

1863ம் ஆண்டு, செப்டம்பர் 28ம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞரும், அவரது தோழர் வில்லியம் கிங்கும் இங்கே வந்தனர். ஓடைக்கரையில் கைக்கோடரிகள் கிடைத்தன. அதாவது, ஆதி மனிதர்கள் கல்லைச் செதுக்கிச் செய்த ஆயுதங்கள். அதற்கு நான்கு மாதம் முன்பு தான் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்திருந்தார் பூட்.

1999ம் ஆண்டில் இருந்து தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் மற்றும் குழுவினர் இங்கே பொறுமையாக அகழ்வாய்வு செய்தனர். ஆயிரக்கணக்கான கல் கருவிகள் கிடைத்தன. விலங்குகளின் குளம்படித் தடங்களும் கிடைத்தன. ஈரக் களிமண்ணில் ஏதோ ஒரு விலங்கு நடந்துபோன அடையாளம் அப்படியே கல்லாகி நிற்கிறது! கூடவே பல். எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. ஒன்று எருமை, ஒன்று குதிரை இனம், மற்றொன்று நீலமான் அல்லது ஆட்டு இனத்தைச் சேர்ந்த விலங்கு.

'இவ்வளவு தோண்டி மூன்று பல் தானா?' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். இந்தப் பக்கத்துச் செம்மண்ணும், செம்புறாங்கல்லும் எலும்புக்கு எதிரி. மழைநீர் இறங்க இறங்க எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பல்லின் மேலே இருக்கும் எனாமல் தான் உடம்பிலேயே கடினமான பொருள். அதனால், எலும்பெல்லாம் போன பிறகும் பல் தாக்குப் பிடிக்கும். எருமையும் குதிரை இனமும் சேர்ந்து கிடைத்ததால், அந்தக் காலத்தில் இங்கே நீர்நிலையும், திறந்த புல்வெளியும் இருந்திருக்க வேண்டும் என்பது தெரிகிறது. மூன்று பல்லில் இருந்து ஒரு நிலக்காட்சி!

அதெல்லாம் எந்தக் காலம் என்கிறீர்களா? மூச்சைப் பிடித்துக் கொள்ளுங்கள். ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்!

2011ம் ஆண்டில் இதை வெளியிட்டனர். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வானத்தில் இருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமி மேல் விழுந்து கொண்டே இருக்கின்றன. அவை தரையில் கிடக்கும் கல்லைத் தாக்கி, அதற்குள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு விசேஷ அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் கதிர் படாது; புதிய அணு உண்டாகாது. ஏற்கனவே இருப்பவை சிதைய ஆரம்பிக்கும். அலுமினியம்-26 வேகமாகக் குறையும். சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பெரிலியம்-10 மெதுவாகக் குறையும். பாதியாக சுமார் 14 லட்சம் ஆண்டுகள். இரண்டும் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த 'விசேஷ அணு' விஷயம் தான் மான் பல்லைப் படிக்கவும் சாவி.

சைக்கிளும் லாரியும்

ஒரே தனிமம், ஆனால், எடை மட்டும் கொஞ்சம் வேறு. அப்படிப்பட்ட அணுக்களை ஐசோடோப்பு என்பர். தமிழில் ஓரிடத்தான் என்றும் சொல்வதுண்டு. அழகான பெயர், இல்லையா? தனிம அட்டவணையில் எல்லாமே ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். 1913ம் ஆண்டில் பிரெடரிக் சாடி என்ற விஞ்ஞானி இவற்றைப் பற்றி எழுத, 'ஐசோடோப்' என்ற சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' என்று பொருள்.

கார்பனை எடுத்துக் கொள்வோம். உங்கள் பென்சில் முனை, அடுப்புக்கரி, இட்லி, உங்கள் உடம்பு எல்லாவற்றிலும் கார்பன் உண்டு. நூறு கார்பன் அணுக்களில் கிட்டத்தட்ட 99 அணுக்கள் கார்பன்-12. மீதி ஒன்று கார்பன்-13. இது ஒரு நியூட்ரான் கூடுதலாகச் சுமக்கும் குண்டுப் பையன். ஆனால், சிதையாது. லட்சம் ஆண்டு ஆனாலும் அப்படியே இருக்கும்.

இந்தக் குண்டு அணுவை எப்படித் தனியாக எண்ணுவது? கவரைப்பேட்டையில் தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். வளைவில் சைக்கிள் சட்டென்று திரும்பிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் லாரி? அகலமாக வளைந்து தான் திரும்பும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் நடப்பதும் இதே தான். அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, வேகமாக விரட்டி, காந்தத்தின் நடுவே விடுவர். எடை குறைந்த அணு அதிகமாக வளையும். கனமானது குறைவாக வளையும். எது எங்கே போய் விழுகிறது என்று எண்ணினால் கணக்கு முடிந்தது.

நெல்லா, கம்பா?

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

செடிகள் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்து உணவு தயாரிக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எல்லாச் செடியும் ஒரே மாதிரி எடுப்பதில்லை. நெல், கோதுமை, பயறு, காட்டு மரங்கள் எல்லாம் ஒரு கட்சி. இவை கொஞ்சம் 'ரொம்பப் பார்க்கிற' ஆசாமிகள். குண்டு கார்பனை முடிந்தவரை ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு, வெயில் தேசத்துப் புல் வகைகள் இன்னொரு கட்சி. இவை அவ்வளவாக ஒதுக்காது. விஞ்ஞானிகள் முதல் கட்சியை சி3 செடிகள் என்றும், இரண்டாவதை சி4 செடிகள் என்றும் அழைப்பர்.

வித்தியாசம் எவ்வளவு? ஒரு பிடி கம்பில் 1,000 குண்டு கார்பன் இருப்பதாக வைத்துக் கொண்டால், அதே அளவு கார்பன் உள்ள நெல்லில் சுமார் 985 இருக்கும். 'பூ, இவ்வளவு தானா!' என்று தோன்றும். ஆனால், கருவி இதைத் தெளிவாகப் பிடித்துவிடும்.

மான் எதைத் தின்கிறதோ, அதன் கார்பன் பல்லுக்குப் போகும். எலும்பு வாழ்நாள் முழுவதும் பழையதைக் கரைத்து, புதியதைக் கட்டிக் கொண்டே இருக்கும். எனாமல் அப்படி அல்ல. ஒரு தரம் உருவானால் அவ்வளவு தான், மாறாது. அதுவும் மேல் நுனியில் இருந்து கீழ் நோக்கி, மாதக் கணக்கில் வளரும். எனவே, பல்லின் உச்சியில் இருந்து வேர் வரை வரிசையாகச் சின்னச் சின்னதாகச் சுரண்டி எடுத்துச் சோதித்தால், மழைக்காலத்தில் என்ன மேய்ந்தது, கோடையில் என்ன தின்றது என்று பக்கம் பக்கமாகப் புரட்டலாம்!

பாதிரியார் சொன்னது நிஜமா?

இனி மானுக்கு வருவோம்.

ஆடும் மாடும் மனிதனோடு பழகிய பிறகு உருவத்தில் மாறின. உடல் அளவு மாறியது, கொம்பு மாறியது. எலும்பைப் பார்த்தே 'இது வீட்டு ஆடு' என்று பெரும்பாலும் சொல்லலாம். மான் அப்படி இல்லை. வடதுருவப் பக்கத்துப் பனிமானைத் தவிர, மற்ற மான்கள் முழுதாக வீட்டு விலங்கு ஆனதே இல்லை. வேலிக்குள் வளர்ந்த மானின் எலும்பும், வேட்டையில் செத்த மானின் எலும்பும் பார்வைக்கு ஒன்று தான். எலும்பைக் கையில் வைத்துக் கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் உபயோகம் இல்லை.

மத்திய அமெரிக்காவில் மாயா என்ற மக்கள் வாழ்ந்தனர். கல்லில் பெரிய பெரிய கோவில்கள் கட்டியவர்கள். 16ம் நூற்றாண்டில் அங்கே போன தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் ஒரு விஷயம் எழுதி வைத்தார். மாயா பெண்கள் மான் குட்டிகளுக்குத் தாய்ப்பால் கொடுத்து வளர்ப்பார்களாம். அப்படி வளர்ந்த மான்கள் காட்டுக்கே ஓடாதாம்!

அடேங்கப்பா! நிஜமாகவே மாயாக்கள் மான் வளர்த்தார்களா? பாதிரியார் ஒருவர் எழுதியதை மட்டும் வைத்து எப்படி நம்புவது?

இங்கே தான் ஐசோடோப்பு துப்பறியும் அதிகாரியாக வருகிறது. மாயாக்களின் முக்கிய உணவு மக்காச்சோளம். அது சி4 கட்சி. அவர்களைச் சுற்றி இருந்த காட்டு மரம், செடி எல்லாம் சி3 கட்சி. ஆக, மானை வீட்டில் வைத்துச் சோளம் போட்டு வளர்த்திருந்தால் எலும்பில் சி4 அடையாளம் இருக்கும். காட்டில் இலை தழை தின்றிருந்தால் சி3.

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டின் ஒயிட் மற்றும் குழுவினர், பெலிஸ் நாட்டில் உள்ள கோல்ஹா என்ற பழைய மாயா ஊரின் மான் எலும்புகளையும், நாய் எலும்புகளையும் சோதித்து, 2001ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மான்கள் பெரும்பாலும் காட்டுச் செடி தின்றவை! 2004ம் ஆண்டில் லகார்டெரோ, டிகால், கோபான் ஆகிய ஊர்களின் எலும்புகளிலும் இதே ஆய்வு நடந்தது. அங்கும் காட்டு இலையின் அடையாளமே ஓங்கி நின்றது.

அப்படியானால் பாதிரியார் பொய் சொன்னாரா? அவசரப்பட வேண்டாம். அவர் பார்த்தது 16ம் நூற்றாண்டு; இந்த எலும்புகள் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை. யாரோ ஒன்றிரண்டு குட்டிகளைச் செல்லமாக வளர்த்ததை அவர் பார்த்திருக்கலாம். ஊர் முழுக்கப் பட்டி போட்டு மான் வளர்த்தார்கள் என்பதற்குத் தான் எலும்பு சாட்சி சொல்லவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மான் எலும்பில் கொஞ்சம் சோளம் தெரிந்தால், அது வளர்ப்பு மானா அல்லது ராத்திரி கொல்லைக்குள் புகுந்து கதிரைத் தின்ற திருட்டு மானா? இரண்டுக்கும் ஒரே அடையாளம் தானே!

கதை இதோடு நிற்கவில்லை. 2018ம் ஆண்டில் ஆஷ்லி ஷார்ப் என்பவரும் குழுவினரும், குவாதமாலா நாட்டில் உள்ள சேபால் என்ற மாயா நகரின் விலங்கு எச்சங்களை ஆராய்ந்தனர். அங்கே கிடைத்த இரண்டு நாய்கள், தொலைவில் உள்ள எரிமலைப் பகுதியில் பிறந்து, கி.மு. 400 வாக்கில் இந்த ஊருக்குக் கொண்டு வரப்பட்டவை! ஒரு பெரிய பூனை இன விலங்கு சிறு வயதில் இருந்தே மக்காச்சோளம் சார்ந்த உணவில் வளர்ந்திருக்கிறது. காட்டுப் பூனை சோளமா தின்னும்? சோளம் தின்ற பிராணிகளை அதற்கு யாரோ போட்டிருக்க வேண்டும். அதாவது, கூண்டில் அடைத்து வளர்த்திருக்கின்றனர். மானைத் தேடப் போய் சிறுத்தை மாதிரி ஒன்று மாட்டியது!

இங்கிலாந்துக்கு வந்த குட்டி

'வளர்ப்பு மான் எங்கேயும் மாட்டவே இல்லையா?' என்று கேட்பீர்கள். மாட்டியது, இங்கிலாந்தில்.

தெற்கு இங்கிலாந்தில் பிஷ்போர்ன் என்ற ஊர். 1960ம் ஆண்டில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது, கீழே ஒரு ரோமானிய அரண்மனை! கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே பேலோ மான் என்ற வகையின் தாடை எலும்புகள் கிடைத்தன. இந்த மானின் முதுகில் கோடைக்காலத்தில் நம் புள்ளிமான் போலவே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆனால், இது அந்தக் காலத்து இங்கிலாந்தின் சொந்த மான் அல்ல. அப்படியானால், கடல் தாண்டி எப்படி வந்தது? உயிரோடு வந்ததா, இறைச்சியாக வந்ததா?

இதற்கு உதவிய அணு, ஸ்ட்ரான்ஷியம். பாறையில் இருக்கும் இந்தத் தனிமம் மண்ணுக்கும், செடிக்கும், அதைத் தின்னும் மானின் பல்லுக்கும் போகும். பாறையின் வகையையும் வயதையும் பொறுத்து ஸ்ட்ரான்ஷியம்-87, ஸ்ட்ரான்ஷியம்-86 இரண்டின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். கிட்டத்தட்ட பின்கோடு மாதிரி. மானின் முதல் கடைவாய்ப் பல் பிறந்த புதிதில் உருவாவது. கடைசிக் கடைவாய்ப் பல் பல மாதம் கழித்து உருவாவது. இரண்டின் 'பின்கோடு' வேறு வேறாக இருந்தால்? மான் ஊர் மாறியிருக்கிறது!

நவோமி சைக்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2006ம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: ஒரு மான் வேறு நிலத்தில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே பிஷ்போர்னுக்கு வந்திருக்கிறது. இன்னொன்று அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறது. அதாவது, கொண்டு வந்து விட்டது மட்டும் அல்ல, அங்கேயே மந்தையாகப் பெருக்கி இருக்கின்றனர்.

ரோமானியப் பணக்காரர்களுக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வாரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதிய விவசாய நூலில், ஒரு தோட்டத்தில் ஊதுகொம்பை ஊதினால் காட்டுப்பன்றியும், மானும் தீனி தின்ன ஓடி வரும் என்று குறிப்பிட்டிருக்கிறார். நம் பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் நடப்பது மாதிரி!

சரி, நம் நாட்டில்?

நம் நாட்டிலும் மான் எலும்பு பேசியிருக்கிறது. பேசியது மழையைப் பற்றி!

ஹரியானாவில் பிர்ரானா என்று ஒரு பழைய சிந்துவெளிக் காலக் குடியிருப்பு. காகர் ஆற்றுப் படுகையில் இருக்கிறது. அங்கே கிடைத்த மாடு, ஆடு, மான் ஆகியவற்றின் பல்லையும், எலும்பையும் காரக்பூர் ஐ.ஐ.டி., பேராசிரியர் அனிந்தியா சர்க்கார் மற்றும் குழுவினர் சோதித்து, 2016ம் ஆண்டில் வெளியிட்டனர். இவர்கள் பார்த்தது ஆக்சிஜன் ஐசோடோப்பு. பருவமழை அடித்துப் பெய்யும் காலத்தில், தண்ணீரில் கனமான ஆக்சிஜன்-18 குறைவாக இருக்கும். மழை பொய்த்து, ஏரி குளம் வற்றினால் லேசான நீர் முதலில் ஆவியாகிப் போய், கனமானது மிஞ்சும். அந்தத் தண்ணீரைக் குடித்த மானின் பல்லிலும் அதே கணக்கு. இப்படிப் பார்த்ததில், சுமார் 9,000 ஆண்டு முதல் 7,000 ஆண்டு முன்பு வரை நல்ல மழை. அதன் பின் மழை மெல்ல மெல்லக் குறைந்து வந்திருக்கிறது. மக்கள் உடனே ஊரைக் காலி செய்துவிடவில்லை. குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கு மாறி, சமாளித்திருக்கின்றனர் என்பது இவர்கள் கருத்து.

குஜராத்தில், கட்ச் பகுதியில் கோட்டடா பாட்லி என்ற சிந்துவெளிச் சிற்றூர். அங்கே கிடைத்த மாடு, எருமைகளின் பற்களில் ஆண்டு முழுவதும் சி4 அடையாளம். சிறுதானியத் தட்டையைத் தீவனமாகப் போட்டு, அக்கறையாக வளர்த்திருக்கின்றனர். ஆடுகளில் காட்டுச் செடிகளின் அடையாளமும் கலந்து தெரிந்தது. அவற்றை வெளியே மேய விட்டிருக்க வேண்டும். பால் தரும் மாட்டுக்குத் தனி கவனிப்பு அன்றும் இருந்திருக்கிறது!

மானைப் பற்றி நம் நாட்டுக் கல்வெட்டே பேசுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அசோகர் தன் முதல் பாறைக் கல்வெட்டில் அரண்மனைச் சமையலறைக் கணக்கைச் சொல்கிறார். முன்பு தினமும் ஏராளமான உயிர்கள் கொல்லப்பட்டனவாம். இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டுமாம். அந்த மானும் எல்லா நாளும் இல்லையாம். ஒரு சக்கரவர்த்தி தன் வீட்டு மெனுவைப் பாறையில் வெட்டி ஊருக்குச் சொன்னது உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம் தான்!

மதுரை பக்கம் கீழடியில் கிடைத்த 70 எலும்பு மாதிரிகளை, புனே டெக்கான் கல்லூரி ஆராய்ந்தது. 2019ம் ஆண்டில் வெளியான முடிவின்படி மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு காட்டுப்பன்றியும், கலைமானும் அதில் உண்டு. வெளிமான் என்றும் இதைச் சொல்வர். சரியாகப் பார்த்தால் இது மான் இனம் அல்ல, இரலை இனம். புள்ளிமான், கடமான் கொம்புகள் விழுந்து, திரும்ப முளைக்கும். வெளிமான் கொம்பு விழாது. கடைசி வரை இருக்கும். அடுத்த முறை கிண்டி பூங்காவுக்குப் போனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். தமிழ்நாட்டில் ஒரு பழைய மான் பல் கிடைக்கிறது. சோதித்தால் முழுக்க முழுக்க சி4. 'ஆஹா, கம்பும் சோளமும் போட்டு வளர்த்த மான்!' என்று எழுதிவிடலாமா?

கூடாது! நம் வெயில் தேசத்துப் புல்லே சி4 கட்சி தான் என்று முன்னால் சொன்னேனே! வெட்டவெளியில் புல் மேய்ந்த காட்டு மானுக்கும் அதே அடையாளம் வரும். மாயா காட்டில் எளிதாக வேலை செய்த துப்பு, நம் ஊரில் குழப்பிவிடும். ஆனால், இன்னொரு வழி இருக்கிறது. கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் மாடு என்ன தின்கிறது? வைக்கோல்! அது நெற்பயிர், சி3. புல் மேய வேண்டிய விலங்கின் பல்லில் திடீரென்று சி3 தெரிந்தால், யாரோ வைக்கோல் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். அதாவது, அங்கே சோளம் எதைக் காட்டியதோ, அதை இங்கே நெல் காட்டும். ஊருக்கு ஏற்ற மாதிரி துப்பைத் திருப்பிப் போட வேண்டும். அடர்ந்த காட்டில் இலை தின்ற மானாக இருந்தாலும் சி3 தான் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் தான் கார்பன், ஆக்சிஜன், ஸ்ட்ரான்ஷியம் என்று மூன்று நான்கு சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கின்றனர்.

இலங்கையில் அடர்ந்த மழைக்காட்டுக் குகைகளில் இதைச் செய்தனர். முதலில் அங்கே கிடைத்த விலங்குகளின் பற்களைச் சோதித்து, 'அடர் காட்டில் வாழ்ந்தால் கணக்கு இப்படி, திறந்த வெளியில் வாழ்ந்தால் இப்படி' என்று ஒரு அளவுகோல் தயாரித்தனர். பிறகு, அந்த அளவுகோலில் 26 ஆதி மனிதர்களின் பற்களை வைத்துப் பார்த்தனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்கள் மழைக்காட்டை நம்பியே வாழ்ந்தது தெரிந்தது. 2015ம் ஆண்டில் வந்த ஆய்வு இது. மழைக்காட்டில் மனிதன் பிழைப்பது கஷ்டம் என்று அதுவரை பலர் நினைத்திருந்தனர். அங்கே ஒரு குகையில், 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும், பெரிய அணிலையும் அதிகமாக வேட்டையாடி இருக்கின்றனர். மான் எலும்பு அங்கே குறைவு தான்.

உங்கள் பல்லில் புகை!

கடைசியாக, கும்மிடிப்பூண்டிக் காரர்களுக்கு ஒரு செய்தி.

நிலக்கரியும், பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடி, பாசிகளில் இருந்து வந்தவை. அவையும் குண்டு கார்பனை ஒதுக்கியவை தான். அவற்றை எரிக்கும்போது கார்பன்-13 குறைவான புகை காற்றில் கலக்கிறது. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளும், அனல் மின் நிலையங்களும், வண்டிகளும் எரித்ததில், 200 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததை விட இன்றைய காற்றில் கார்பன்-13 விகிதம் குறைந்துவிட்டது. அந்தக் காற்றைத் தான் நெல் எடுக்கிறது. நெல்லை நீங்கள் சாப்பிடுகிறீர்கள். ஆகவே, இன்றைய குழந்தையின் பல்லுக்கும், சோழர் காலத்துக் குழந்தையின் பல்லுக்கும் இதிலேயே வித்தியாசம் உண்டு. பழைய மானையும், இன்றைய மானையும் ஒப்பிடும்போது விஞ்ஞானிகள் இந்தப் புகைக் கணக்கைக் கழித்துவிட்டுத் தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணுக்காக ஏரியும், மேடும் வெட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பொக்லைன் ஒரு வாளி அள்ளினால், பல ஆயிரம் ஆண்டுகளின் அடுக்கு ஒரே நொடியில் கலந்துவிடும். பல் கிடைத்தாலும் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பது போய்விட்டால், அது பக்க எண் கிழிந்த டைரி. வயது சொல்ல முடியாது. வெட்டிய இடத்தில் வித்தியாசமான கல்லோ, எலும்போ, பல்லோ கண்ணில் பட்டால் பிடுங்கி எடுக்காதீர்கள். கழுவவும் கூடாது, கோந்து போட்டு ஒட்டவும் கூடாது. கோந்திலும் கார்பன் இருக்கிறது, கணக்குக் கெட்டுப்போகும்! இடத்தை அடையாளம் வைத்துக் கொண்டு, பள்ளி ஆசிரியரிடமோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். அவர்கள் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்கள்.

நம் மாவட்டத்துக் கல் கருவிகளை நேரில் பார்க்க ஆசையா? பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் 1985ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம் குட்டீஸ்... அடுத்த பால் பல் ஆடிக் கொண்டிருக்கிறதா? இந்தத் தடவை கூரை மேல் எறியாமல், ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பெயர், பிறந்த ஊர், விழுந்த தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பாட்டி கேட்டால், "இது என் டைரி பாட்டி" என்று சொல்லுங்கள்!